தினமும் எழுதப் பூப்போட்ட நோட்டு: கலம்காரி அட்டை வாங்கலாமா?

நகரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "பூப்போட்ட நோட்டு கண்ணில் பட்டால் வாங்காமல் வர முடிவதில்லை. திருப்பதி போனால் ஒன்று, சென்னை போனால் ஒன்று என்று வீட்டில் 7 சேர்ந்துவிட்டன. எதிலும் நாலு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. ஒன்றில் மை ஊறுகிறது. ஒன்று விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்கிறது. ஒன்று எழுதவே மனசு வராத அளவுக்கு அழகாக இருக்கிறது. தினமும் ராத்திரி ஒரு பக்கமாவது எழுத ஆசை. கலம்காரித் துணி அட்டை போட்டது வாங்கலாமா? கோடு போட்டதா, போடாததா? எழுதுவது தமிழில்தான், பள்ளிக்கூட விஷயம் வந்தால் தெலுங்கும் கலக்கும்."

தாராளமாக வாங்கலாம் டீச்சர். ஆனால் எட்டாவது நோட்டும் நாலு பக்கத்தில் நிற்கக் கூடாது என்றால், கடையில் அட்டையைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது தாளுக்குக் கொடுக்க வேண்டும்.

புத்தூரில் பைண்டிங் கடை வைத்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. புத்தூர்க் கட்டு என்றால் ஊர் உலகத்துக்கு எலும்புக் கட்டு. நான் கட்டுவது புத்தகம். கடையில் நோட்டும் விற்கிறேன். பூப்போட்ட நோட்டு பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: என்னிடம் வரும் ஒரு லாரி டிரைவர் பெரிய ரோஜா போட்ட நோட்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார். டீசல் கணக்கு எழுத. வண்டிக்குள் வேறு எந்த நோட்டோடும் கலந்துபோகாதாம்.

நீங்கள் கலம்காரியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. தாளில் மை ஏன் ஊறுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. காளஹஸ்தியில் கலம்காரி போடுகிறவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். வெளுக்காத கோராத் துணியை அப்படியே எடுத்துப் படம் போட மாட்டார்கள். கடுக்காயைப் பொடித்து, எருமைப்பாலில் கரைத்து, அதில் துணியை முக்கிப் பிழிந்து காயப் போடுவார்கள். காய்ந்த துணி லேசாக மஞ்சள் தட்டி, கையில் எடுத்தால் கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும். பால் வாடையும் அடிக்கும். எழுதுகோல் ஒரு மூங்கில் குச்சி. முனைக்குச் சற்று மேலே துணியோ கம்பளி நூலோ சுற்றி உருண்டையாகக் கட்டியிருப்பார்கள். அந்த உருண்டைதான் மைக்கூடு. விரலால் அதை லேசாக அழுத்த அழுத்த, முனைக்கு மை இறங்கும். கலம் என்றால் பேனா, காரி என்றால் வேலை. பெயரிலேயே பேனா இருக்கிற துணி அது.

கறுப்பு மை என்பது துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. குச்சியில் இருக்கும்போது அதைப் பார்த்தால் நம்பிக்கை வராது, வெளிறிய கஷாயம் மாதிரி இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுக்கும். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாகிற கறுப்பு. கோடு மயிர் கனத்துக்கு நிற்கும், பக்கத்தில் கசியாது. கசியாமல் பிடிப்பது பாலின் கொழுப்பு. பாலில் நனைக்காத துணியில் அதே கோட்டைப் போட்டால் மீசை முளைத்த மாதிரி நாலாபக்கமும் ஓடும்.

தாளிலும் இதே கதைதான். தாள் என்பது நாரும் இடைவெளியும். நாருக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதனால் ஆலையிலேயே கூழில் ஏதாவது ஒரு பிசினைச் சேர்ப்பார்கள், சைசிங் என்பார்கள். அந்தக் காலத்தில் மரப்பிசினும் படிகாரமும், இப்போது வேறு ரசாயனங்கள். சைசிங் குறைந்தால் மை நார் வழியே ஓடி, எழுத்துக்கு ரோமம் முளைக்கும், பின்பக்கத்திலும் தெரியும். உங்கள் நோட்டில் நடந்தது இதுதான். அட்டைக்குச் செலவழித்தவர்கள் தாளுக்குப் பால் வார்க்கவில்லை.

ஆகவே கனமான தாள் எல்லாம் நல்ல தாள் என்று நம்ப வேண்டாம். கடைக்காரர்கள் ஜிஎஸ்எம் கணக்கு சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. பள்ளிக்கூட நோட்டு 60க்குக் கீழேயே நின்றுவிடும். தினமும் எழுத 70 போதும், இங்க் பேனாவென்றால் 80லிருந்து 100 வரை நல்லது. ஆனால் 100 ஜிஎஸ்எம் கைவினைத் தாள், அதிலும் பூவிதழைக் கூழோடு சேர்த்துச் செய்கிறார்களே, பார்க்க ஆசையாக இருக்கும். அதில் பல சரக்கில் இங்க் பேனா வைத்தால் சொட்டு விழுந்த மணல் மாதிரி குடிக்கும். இதழ் இருக்கும் இடத்தில் முனை தட்டி நிற்கும். அது கல்யாணப் பத்திரிகைக்கு, கடிதத்துக்கு. தினக்குறிப்புக்கு அல்ல. நேர்மாறாக, மேப்லித்தோ என்று கடைகளில் சொல்லும் சாதாரண எழுத்துத் தாள் 70 ஜிஎஸ்எம்மில் ஒழுங்காகச் செய்ததாக இருந்தால் நாள் முழுக்க எழுதலாம். கரும்புச் சக்கையில் செய்யும் தாளைக் குறைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; கரூர்ப் பக்கம் புகளூர் ஆலைத் தாள் சக்கையை வைத்துத்தான் வருகிறது, நான் வருஷக்கணக்காக அதை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கனத்தைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஏ5 அளவு என்பது 148க்கு 210 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் 32 தாள் வரும். 192 பக்க நோட்டில் 96 தாள். 70 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டும் 210 கிராம், 100 என்றால் 300 கிராம். 100 ஜிஎஸ்எம் என்று அச்சடித்த நோட்டு அட்டையோடு சேர்த்தே 250 கிராம் காட்டினால், விலை மட்டும்தான் 100க்கு. காய்கறிக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்.

இந்த 96, 192 எல்லாம் ஏன் இப்படி விசித்திரமான எண்கள் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு விஷயம்: ஒரு குயர் என்பது 24 பெரிய தாள். நடுவில் மடித்தால் 48, இரண்டு பக்கமும் எழுதினால் 96 பக்கம். ரெண்டு குயர் நோட்டு 192. குயர் என்கிற கணக்கு போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது, பக்க எண்ணிக்கையும் கடைப் பேச்சும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கடையில் மை ஊறுவதைப் பார்க்க, உங்கள் பேனாவைக் கொண்டுபோய் கடைசித் தாளின் மூலையில் ஒரு சின்ன 'ழ' எழுதிப் பாருங்கள். 'ழ' ஏன் என்றால் அதில் சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் இருக்கிறது. சுழியின் உள் வட்டம் அடைத்துக்கொண்டால் அந்தத் தாள் உங்களுக்கு ஆகாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். என் கடையில் அதற்கென்றே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அடுத்தது, தானே மூடிக்கொள்ளும் நோட்டு. அது முதுகில் சூடான பசையை மட்டும் ஊற்றி ஒட்டியது. தாள் தாளாக வெட்டி, அடுக்கி, பசையில் நிறுத்தியிருப்பார்கள். அமுக்கி விரித்தால் முதுகு உடையும், வருஷம் இரண்டு போனால் பசை இறுகி தாள் உதிரும். தினமும் எழுதுகிறவர்களுக்கு வேண்டியது பாரம் பாரமாக, அதாவது சில தாள்களைச் சேர்த்து மடித்த கட்டு கட்டாகத் தைத்தது. கண்டுபிடிப்பது சுலபம்: நோட்டை நிறுத்தி முதுகின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். தைத்த நோட்டில் சின்னச் சின்ன மடிப்புகள் வரிசையாக, பல் தெரிகிற மாதிரி தெரியும். ஒரு பாரத்தின் நடுவைத் திறந்தால் நூல் ஓடும். பசை நோட்டில் தலைப்பக்கம் செங்கல் வெட்டிய மாதிரி வழவழவென்று இருக்கும். ஸ்பைரல் நன்றாக விரியும், ஆனால் இடப்பக்கத்தில் எழுதும்போது கம்பி மணிக்கட்டில் இடிக்கும். பையில் இருக்கும்போது துப்பட்டா நூலையும் இழுக்கும்.

இனி அட்டை. சந்தையில் கலம்காரி நோட்டு என்று வருவதில் குச்சிப் பேனாவால் போட்டது அநேகமாக இருக்காது. காளஹஸ்தி வேலை சாமி கதை சொல்வது. ராமாயணம், மகாபாரதம், கோயில் திரை. பூவும் கொடியும் அதில் கரைக்கு வரும். துணி முழுக்கப் பூவாக வருவது மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனா வேலை. அது மரக்கட்டை அச்சு. கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் பாரசீக ருசிக்குப் பழகிய பூக்கள் அவை. அதனால்தான் அந்தப் பூ என்ன பூ என்று கேட்டால் பதில் கிடைக்காது. நம் தோட்டத்துப் பூ அல்ல. கட்டை அச்சு என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. நோட்டு அட்டைக்குச் சொல்லப்போனால் அதுதான் பொருத்தம். குச்சிப் பேனாவால் நாள்கணக்கில் போட்ட ஒரு படத்தை நறுக்கி நோட்டில் ஒட்ட எனக்குக் கை வராது. காளஹஸ்தி கலம்காரிக் கலைஞர் குரப்ப செட்டிக்கு 2008ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வகை வேலை சுவருக்கு.

ஏமாறாமல் பார்க்க வேண்டியது இது இரண்டிலும் இல்லை, மூன்றாவதில். மெஷினில் அடித்து, கலம்காரி டிசைன் போட்டது. தப்பு இல்லை, விலை அதற்கேற்ப இருந்தால். கண்டுபிடிக்கும் வழி: ஒரே பூவை நாலு இடத்தில் பாருங்கள். கட்டை அச்சில் ஒரு பூவின் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கும், பக்கத்துப் பூவில் உள்ளே ஒடுங்கியிருக்கும். நாலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் மெஷின். துணியின் பின்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தாலும் அதேதான். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி ஒரு தேய் தேயுங்கள்.

இந்தக் கைக்குட்டை வேலையை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு மொத்த வியாபாரியிடம் 40 நோட்டு எடுத்தேன், சிவப்புப் பூ, பார்க்க அம்சமாக இருந்தது. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போன ஒரு வாடிக்கையாளர் மறுநாள் பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். உள்ளே இருந்த வெள்ளைச் சட்டை முழுக்கப் பூ. சட்டைக்கும் நோட்டுக்கும் காசு கொடுத்தேன். மீதி 39ல் 20க்கு மேல் இன்னும் பரணில் இருக்கின்றன. அதில்தான் கடைக் கடன் எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், அட்டையோடு வாங்குவதைவிடத் துணி கொடுத்துக் கட்டிக்கொள்வது மேல். உங்கள் ஊரே நெசவு ஊர். வீட்டில் அம்மாவின் பழைய வாயில் புடவை, பூப்போட்டது, ஒன்றாவது இருக்கும். ஜாக்கெட்டுக்குப் போக மிஞ்சிய கலம்காரித் துண்டும் இருக்கும். ஏ5 நோட்டு ஒன்றுக்கு அரை மீட்டருக்கும் குறைவாகவே ஆகும். புதுத் துணியாக இருந்தால் ஒரு தண்ணீர் அலசிக் காய வைத்துத் தாருங்கள், சுருக்கம் முன்னாலேயே போய்விடும்.

துணியை அட்டையில் நேரே ஒட்டக் கூடாது. இது பல பேர் செய்யும் தப்பு. மைதாப் பசை ஈரம் துணி வழியே மேலே வந்து, காய்ந்ததும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டாக நிற்கும், கறுப்புப் பூவில் இன்னும் அசிங்கமாகத் தெரியும். முதலில் துணியின் முதுகுக்கு ஒரு மெல்லிய தாளை ஒட்ட வேண்டும். துணியை மேஜையில் முகம் குப்புறப் பரப்பி, தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி, இழை நேராக ஓடுகிறதா என்று பார்ப்பேன். பசையைத் துணியில் தடவ மாட்டேன், தாளில் தடவுவேன். அதுவும் இட்லி மாவு பதம் இல்லை, தோசை மாவுக்கும் கொஞ்சம் கீழே. தாளை மேலே போட்டு காய்ந்த பிரஷ்ஷால் தட்டி இறக்கினால், காய்ந்தபின் துணி அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதை வெட்டினால் நூல் பிரியாது. பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பேன்; இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. வீட்டில் செய்கிறவர்கள் மயில்துத்தத்தைத் தொடாதீர்கள், விஷம்; அலமாரியில் ஒரு வசம்புத் துண்டு போட்டு வைத்தால் போதும்.

இன்னொன்று, பைண்டர்களே பாதிப்பேர் யோசிப்பதில்லை. பழைய முறையில் செய்த கலம்காரியாக இருந்தால், அட்டை மடங்கும் இடத்தில் பட்டையான கறுப்புக் கோடு வராதபடி துணியை நகர்த்தி வெட்ட வேண்டும். இரும்புக் கறுப்பு நாளாவட்டத்தில் நூலைத் தின்னும். பழைய திரைகளைப் பாருங்கள், சிவப்பு அப்படியே இருக்கும், கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்றுப் போயிருக்கும். என் தாத்தா கர்ணம், அதாவது கிராமக் கணக்கர் உத்தியோகம் பார்த்தவர். கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மையில் எழுதிய அவருடைய கணக்கு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அன்னபேதியும் இரும்பு உப்புதானே, அதே கறுப்புதான். தெலுங்கு எழுத்தின் தலையில் போடும் தலைக்கட்டு இருந்த இடமெல்லாம் ஊசி குத்திய மாதிரி ஓட்டை. ஒரு நாளைக்குப் பத்து தடவை மடங்குகிற இடத்தில் அந்தக் கறுப்பை வைப்பானேன்?

கோடு விஷயத்துக்கு வருகிறேன். தமிழும் தெலுங்கும் கலந்து எழுதுகிறவர்களுக்குக் கோட்டின் இடைவெளி முக்கியம். தமிழில் மேலே ஏறுவது ஈகார விசிறியும் புள்ளியும், கீழே இறங்குவது கு, மு மாதிரி சிலது. சமாளிக்கலாம். தெலுங்கில் ஒத்து எழுத்து, அதாவது கூட்டெழுத்தின் இரண்டாவது மெய், முழுசாகக் கீழே தொங்கும். 'அம்ம' என்று எழுதினாலே கீழே ஒரு மாடி கட்ட வேண்டும். வெளிநாட்டு மாதிரியில் வரும் அழகான நோட்டுகளில் கோடு நெருக்கம், 6 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று இருக்கும். ஆங்கிலச் சின்ன எழுத்துக்கு அது சரி. உங்கள் ஒத்து அடுத்த வரியின் விசிறியில் போய் மாட்டும். 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். கோடு போடாதது இன்னும் நல்லது, கீழே ஒரு கறுப்புக் கோட்டுத் தாளை வைத்து எழுதப் பழகினால். அந்தக் கோட்டுத் தாளை உங்கள் கைக்கு ஏற்ற இடைவெளியில் நீங்களே ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

உள்பக்கத்திலும் வெளிர் நிறத்தில் பூ அச்சடித்த நோட்டுகள் வருகின்றன. வேண்டவே வேண்டாம். பூ இருக்கும் இடத்தில் அச்சு மை தாளை மூடியிருக்கும், பேனா மை அங்கே ஒட்டாமல் வழுக்கும். கண் கண்ணாடி போட்ட பிறகு திரும்பப் படிப்பதும் கஷ்டம்.

உங்கள் 7 நோட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். தாள் நன்றாக இருந்து முதுகு மோசமானதை என்னைப் போல யாரிடமாவது கொடுத்தால், முதுகை வெட்டி எறிந்து, ஓரத்தில் துளையிட்டுத் தைத்துக் கட்டலாம். ஓரத்தில் ஒரு விரல் இடம் போகும், முழுக்க விரியாது, ஆனால் ஒரு தாளும் உதிராது. மை ஊறுவதை பென்சிலுக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கும் ஒதுக்குங்கள், பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எழுத. எழுத மனசு வராத அழகு நோட்டு இருக்கிறதே, அதன் நடுவில் பிரித்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று எழுதுங்கள். முதல் பக்கத்தில் ஆரம்பிக்கப் பார்த்தால்தான் கை நடுங்கும். எங்கள் அம்மா எந்த நோட்டு வந்தாலும் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே உப்பு, புளி, மிளகாய் என்று எழுதிவிடுவார். அதற்கப்புறம் அது வெறும் நோட்டு.

துணி கொடுத்துக் கட்டுவதாக முடிவு செய்தால் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அடைமழை, பசை காய மூன்று நாள் பிடிக்கும், அதற்குள் துணியில் பூசணம் பூத்துவிடும். அந்தப் பூவுக்கு நான் பொறுப்பில்லை.